பத்தொன்பதரை நாள் பறந்த எமி ஜான்சன்



லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகரத்துக்கும் இடையே சுமார் 14,500 கி.மீ. தூரம். 2018-ல் தொடங்கிய நேரடி விமானம் எங்கேயும் இறங்காமல் சுமார் 17 மணி நேரத்தில் போய்விடும். ஆனால் 1930-ல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிப் போன ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பதரை நாள் ஆச்சு! எனக்கு ரொம்பப் பிடித்த அந்த எமி ஜான்சனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எமி 1903 ஜூலை 1-ல் இங்கிலாந்தில் ஹல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. எமி கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு, லண்டனில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தார். அப்போதுதான் விமானம் ஓட்டக் கற்றார். ஓட்டினால் மட்டும் போதுமா? என்ஜினைப் பிரித்து ரிப்பேர் பண்ணவும் கற்றுக்கொண்டார். 1929-ல் விமான மெக்கானிக் லைசென்ஸும் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

அப்பாவும் ஒரு செல்வந்தரும் பணம் கொடுக்க, ஒரு பழைய விமானம் வாங்கி ஜேசன் என்று பெயர் வைத்தார். மேலே மூடி கிடையாது, ரேடியோ கிடையாது. வேகம் மணிக்கு சுமார் 140 கி.மீ. தான். பெட்ரோல் போட அடிக்கடி இறங்கணும். அதனால் சுற்றிச் சுற்றி மொத்தம் சுமார் 18,000 கி.மீ. போக வேண்டியிருந்தது. 1928-ல் ஹிங்க்லர் என்பவர் பதினைந்தரை நாளில் போயிருந்தார். அந்தச் சாதனையை முறியடிக்க எமி ஆசைப்பட்டார்.

1930 மே 5-ல் லண்டன் பக்கத்தில் உள்ள கிராய்டனில் இருந்து கிளம்பினார். ஈராக்கில் மணல் புயல் வந்து பாலைவனத்திலேயே இறங்கினார். ஆறே நாளில் கராச்சி வந்துவிட்டார். ஹிங்க்லரை விட இரண்டு நாள் முன்னாடி! பெட்ரோல் தீர்ந்துபோக, நம் நாட்டு ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கினார்.

ரங்கூன் பக்கத்தில்தான் சோதனை. மழையில் வழி தெரியாமல் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்க, விமானம் பள்ளத்தில் விழுந்து இறக்கை உடைந்தது. அங்கே இருந்த தொழில்நுட்பப் பள்ளிக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். அந்தக் காலத்து இறக்கை மரமும் துணியும்தான். பழைய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே கிடைத்தன. அவற்றைப் பிரித்து இறக்கையில் ஒட்டுப் போட்டார்கள்! ஆனால் அதற்குள் சில நாள் வீணாகி, ஹிங்க்லரின் சாதனை கைவிட்டுப் போச்சு. எமி திரும்பிப் போகவில்லை. மே 24-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் ஆனார்.

1932-ல் லண்டன் – கேப்டவுன் பயணத்தில் தன் கணவரின் சாதனையையே முறியடித்தார். 1941 ஜனவரி 5-ல், போர்க்காலத்தில் ஒரு விமானத்தைக் கொண்டுபோகும்போது தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவே இல்லை. வயது 37 தான். ஜேசன் விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நினைத்த சாதனை தவறியும் அவர் பயணத்தை விடவில்லை. எனக்கு அதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது. தோழிகளே, நாமும் சைக்கிள் ஓட்டினால் மட்டும் போதாது, பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொள்வோம்!

– 9ஆம் வகுப்பு மாணவி