பூங்கா கண்ட புரோபெல்

ஊரில் நம் தம்பி தங்கையரை எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் சேர்க்கிறோம். அதிலுள்ள கே.ஜி. என்பது கிண்டர்கார்டன் என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். இன்று அச்சொல்லைக் கேட்டதும் பெற்றோருக்கு முதலில் நினைவு வருவது கட்டணம்! ஆனால் அச்சொல்லைப் படைத்த பெருமகனோ நூற்பந்தையும் மரக்கட்டையையும் ஊறவைத்த பட்டாணியையும் கொண்டே குழந்தைக்கு உலகைக் காட்டலாம் என்று கண்டவர். அவர்தாம் பிரடெரிக் புரோபெல். நம்மைப் போலவே அவரும் அறிவியல் மாணவராய் இருந்தவர் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஜெர்மனியில் துரிஞ்சியக் காடு சூழ்ந்த ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் புரோபெல். ஓராண்டு நிறையுமுன்னே தாயை இழந்தார். தந்தைக்குத் திருச்சபைப் பணியே பெரும்பணி. வந்த சிற்றன்னைக்கோ தம் வயிற்றில் ஒரு மகன் பிறந்ததும் இவர்மீதிருந்த அன்பு குறைந்தது. வீட்டுத் தோட்டத்துச் செடிகொடிகளே அச்சிறுவனுக்குத் தோழர்களாயின. 10 வயதில் தாய்மாமன் அழைத்துச் சென்று பள்ளியில் சேர்த்தார். 15 வயதில் வனக் காவலர் ஒருவரிடம் தொழில் பழகினார். பின்னர் ஜேனாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே கடனைத் தீர்க்க வழியின்றி, பல்கலைக்கழகச் சிறையிலேயே ஒன்பது வாரம் அடைபட்டுக் கிடந்தார். மாதக் கடைசியில் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கைக் கண்டு நடுங்கும் நண்பர்கள் இதை எண்ணி ஆறுதல் கொள்ளலாம்!

கட்டடக் கலை பயில விரும்பி 1805இல் பிராங்க்பர்ட் நகருக்குச் சென்றவர், அங்கே ஆசிரியராகிவிட்டார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசி என்னும் கல்விப் பெரியார் நடத்திய பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கி, கண்ணால் கண்டும் கையால் தொட்டும் கற்கும் முறையைப் பயின்றார். ஆயினும் அறிவியல் வேட்கை அவரை விடவில்லை. கெட்டிங்கனிலும் பெர்லினிலும் படித்தார். 1813இல் நெப்போலியனை எதிர்த்துப் படையிற் சேர்ந்தார். திரும்பி வந்ததும் பெர்லின் கனிமக் காட்சிசாலையில், பேராசிரியர் கிறிஸ்டியன் வைஸ் என்பாருக்கு உதவியாளராய் அமர்ந்தார். படிகங்களை அவற்றின் அச்சுகளைக் கொண்டு வகைப்படுத்தியவர் அந்த வைஸ். படிகவியல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் வைஸ் குறியீடுகள் அவர் பெயரால் வழங்குபவையே.

ஒழுங்கான சில வடிவங்கள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து பெரும் படிகமாவதை நாள்தோறும் கையிலெடுத்துப் பார்த்தவருக்கு, மனித வளர்ச்சியிலும் அத்தகைய ஒழுங்கொன்று உண்டு என்று தோன்றியது. 1816இல் அப்பதவியைத் துறந்தார். இறந்துபோன தமையனின் பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டிய பொறுப்பும் அவரை அழைத்தது. ஐந்தே மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி, மறு ஆண்டு கைல்ஹாவ் என்னும் ஊருக்கு மாறியது. அங்கும் பின்னர்ச் சுவிட்சர்லாந்திலும் ஆண்டுகள் பல கற்பித்தபின் ஓர் உண்மையை உணர்ந்தார். பள்ளிக்கு வரும் வயதுக்கு முன்பே குழந்தை மிகுதியாகக் கற்றுவிடுகிறது. அந்தப் பருவத்தைக் கவனிப்பார் யார்? 1837இல், தம் 55ஆம் வயதில், பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சின்னஞ்சிறாருக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார்.

அவற்றைக் கொடைகள் என்று அழைத்தார். முதற் கொடை, கம்பளி நூலாலான ஆறு பந்துகள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். கனசதுரத்தைக் கயிற்றில் கட்டி விரைவாகச் சுழற்றினால் அது உருளை போலத் தோன்றும். உருளையைக் குறுக்காகக் கட்டிச் சுழற்றினால் உருண்டை போலத் தோன்றும். குழந்தை கைகொட்டிச் சிரிக்கும். இயற்பியல் மாணவர் இரண்டாம் முறையும் சுழற்றிப் பார்ப்பர்! மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். அவ்வெட்டும் ஒருபோது நாற்காலியாகும். ஒருபோது நான்கும் நான்கும் எட்டு என்னும் கணக்காகும். ஒருபோது அழகிய கோலமாகும். ஆடி முடித்ததும் மீண்டும் முழுமையாக்கிப் பெட்டியில் வைக்கவேண்டும். பகுதியும் முழுமையும் குழந்தைக்கு விளங்கிவிடும்.

அடுத்து வந்தவை கைவேலைகள். காகிதம் மடித்தல், காகிதப் பட்டைகளைப் பாய்போல் முடைதல், களிமண் பிசைதல், குச்சி அடுக்குதல். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பட்டாணி வேலை. ஊறிய பட்டாணியில் குச்சிகளைச் செருகிச் சதுரமும் முக்கோணமும் வீடும் கட்டலாம். பட்டாணி காய்ந்து சுருங்கும்போது குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேதியியல் கூடத்தில் நாம் கையாளும் மூலக்கூறு மாதிரிகளுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? விலைதான்!

1840இல், மலைப்பாதையில் நண்பருடன் நடந்து செல்கையில் மனத்திற் பளிச்சிட்ட கிண்டர்கார்டன் என்னும் பெயர் அவர் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. குழந்தையைத் திருத்தவேண்டிய பொருளாகக் கருதாது, நீர்வார்க்க வேண்டிய செடியாகக் கண்டார். ஆசிரியராகப் பெண்களைப் பயிற்றுவித்தார். தாய்மார்க்கெனப் பாட்டும் விரல் விளையாட்டும் கொண்ட நூல் ஒன்றை 1844இல் வெளியிட்டார். பணமுடை மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

முதுமையில் பேரிடி விழுந்தது. 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. அவை நாத்திகத்தையும் சமவுடைமையையும் பரப்புகின்றனவாம்! அவருடைய அண்ணன் மகன் கார்ல் புரோபெலின் கருத்துகளை இவருடையவை என மயங்கியதே காரணம். விளக்கம் எழுதினார், பயனில்லை. தடை நீங்குவதைக் காணாமலே 1852 ஜூன் 21ஆம் நாள் மறைந்தார். தடை 1860இல் நீங்கியது. ஷ்வைனா என்னும் ஊரிலுள்ள அவர் கல்லறையின்மேல் கனசதுரம், உருளை, உருண்டை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லில் அமைத்திருக்கிறார்கள்.

அவர் விதைத்தது அழியவில்லை. அமெரிக்காவில் 1899இல் கிண்டர்கார்டனில் இருந்த ஒரு சிறுவனுக்குக் கண்பார்வை குறைவு. பிற பிள்ளைகள் கண்ட வீடுகளைப்போல் பட்டாணியும் குச்சியும் கொண்டு சதுரங்கள் கட்டினர். இவனோ விரலால் தடவிப் பார்த்தான். சதுரம் ஆடியது, முக்கோணம் ஆடாது நின்றது. அச்சிறுவனே பின்னாளில் முக்கோணங்களால் குவிமாடங்கள் எழுப்பிய பக்மின்ஸ்டர் புல்லர். 1985இல் கண்டறியப்பட்ட 60 கார்பன் அணுக்களாலான மூலக்கூறுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அக்கண்டுபிடிப்புக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பிடி பட்டாணி எவ்வளவு தூரம் சென்றது, பார்த்தீர்களா?

நண்பர்களே, இன்று கடையில் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் பொம்மை பொத்தானை அழுத்தினால் தானே ஆடுகிறது, தானே பாடுகிறது. குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. புரோபெலின் கட்டை தானாக ஒன்றும் செய்வதில்லை. ஆகவே எல்லாவற்றையும் குழந்தையே செய்கிறது. பொம்மையின் சிறப்பை அதன் விலையால் அளத்தல் தவறு என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

நம் வளாகத்தில் எழும்பும் கட்டடங்களுக்குச் செங்கல் சுமக்கும் தாய்மாரின் பிள்ளைகள் நாள் முழுதும் மணற்குவியலருகே அமர்ந்திருக்கிறார்கள். எந்த எல்.கே.ஜி.யும் அவர்களை அழைக்கவில்லை. கொண்டைக்கடலையை முன்னிரவில் ஊறவைக்க நம் விடுதி அறையிலேயே இயலும். துடைப்பத்து ஈர்க்குக்குப் பஞ்சமில்லை. பழைய வினாத்தாளுக்கும் பஞ்சமில்லை. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் நம் சங்கத்தார் நால்வர் அங்கே சென்று அமர்ந்தால் போதும். மொழி தெரியாதே என்று தயங்கவேண்டா. முக்கோணத்துக்கு மொழி இல்லை.