ஓராண்டு விருந்தினர்: சௌ தாகுவான் கண்ட கெமர் மக்கள் வாழ்வு

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்களின் பெயர்களையும், போர் நிகழ்ந்த ஆண்டுகளையும், கோயில்கள் எழுந்த செய்திகளையுமே முதற்கண் தேடுவர். அந்நாட்டின் எளிய மக்கள் எதில் சமைத்தனர், எதில் உண்டனர், சந்தையில் யார் விற்றனர், நீராடும் குளத்தில் என்ன முறையைக் கைக்கொண்டனர் என்பனவெல்லாம் கல்வெட்டுகளில் இடம்பெறுவது அரிது. கம்போடியாவின் கெமர் மக்களைப் பொறுத்தவரை இக்குறையைப் பெருமளவு நீக்கியவர் ஒருவரே. அவர் அந்நாட்டவர் அல்லர். சீனத்திலிருந்து ஒரு தூதுக்குழுவுடன் வந்து, ஓராண்டுக்கும் சற்றுக் குறைவாகத் தங்கிச் சென்ற விருந்தினர். சௌ தாகுவான் என்பது அவர் பெயர்.

பிறந்த மண்ணும் காலமும்

சீனத்தின் கீழைக் கடற்கரையில், இன்றைய செஜியாங் மாநிலத்தைச் சேர்ந்த வென்சௌ ஒரு பழைய துறைமுகம். அதனை அடுத்த யுங்ஜியாவே சௌ தாகுவானின் தாயகம். புல் முற்றத்தில் ஒதுங்கி வாழ்பவர் என்று பொருள்படும் புனைபெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. கப்பல்கள் வருவதும் போவதும், பிறநாட்டுப் பண்டங்கள் இறங்குவதும் ஏறுவதும் அவ்வூர்ப் பக்கத்து மக்களுக்கு அன்றாடக் காட்சிகள்.

அவர் காலம் சீன வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம் நேர்ந்த காலமாகும். 1279இல் தெற்கே சோங் மரபின் ஆட்சி முற்றிலும் வீழ்ந்து, மங்கோலியரான குப்ளாய்கானின் யுவான் பேரரசு சீனம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1294இல் குப்ளாய் மறைந்தார். அவருக்குப்பின் அரியணை ஏறிய பேரர் தெமூர், படையெடுப்புகளைக் குறைத்துத் தூதுகளைப் பெருக்கினார். 1295இல் கம்போடியாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்ப அவர் ஆணையிட்டார். சீனர் அந்நாட்டைச் சென்லா என அழைத்தனர். சௌ தாகுவான் அக்குழுவின் தலைவர் அல்லர். உடன் செல்லப் பணிக்கப்பட்ட ஓர் உறுப்பினரே ஆவார். தலைவரின் பெயரை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை; உடன் சென்றவரின் பெயரோ ஏழு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றது.

அப்பணி எளியதன்று. முன்னர்ச் சம்பா நாட்டின்மீது படையெடுத்த யுவான் தளபதி ஒருவர் அங்கிருந்து சென்லாவுக்கு அனுப்பிய ஆட்கள் பிடித்துவைக்கப்பட்டனர், அவர்கள் திரும்பவேயில்லை. இச்செய்தியைச் சௌ தாகுவானே தம் நூலில் குறித்துள்ளார். அவ்வாறாயின், திரும்பி வருவோமா என்ற ஐயத்துடனேயே அக்குழுவினர் கப்பல் ஏறியிருத்தல் வேண்டும்.

கடலும் ஆறும் கடந்து

1296ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வென்சௌத் துறையிலிருந்து கப்பல் புறப்பட்டது. சில வாரங்களில் சம்பாவை அடைந்தது. அதன்பின் எதிர்க்காற்று வழிமறித்தது. மேகோங் ஆற்றின் கழிமுகத்தில் கிளைகள் பல. பெரும்பாலானவை மணல் திட்டுகளால் தூர்ந்தவை. பெருங்கப்பல் புகத்தக்கது ஒன்றே. கரையெங்கும் நெடுமரங்களும் பிரம்பும் நாணலும் ஒன்றுபோலவே தோன்றியமையால், பழகிய மாலுமிகளும் முகத்துவாரத்தை இனங்காணத் திணறினர் என்கிறார் அவர். ஆற்றின் வழியே மேலேறி, தோன்லே சாப் ஏரியைக் கடந்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் குழு தலைநகரை அடைந்தது. இன்று நாம் அங்கோர் என்றழைக்கும் யசோதரபுரமே அந்நகர்.

அப்போது அங்கு ஆண்டவர் மூன்றாம் இந்திரவர்மன். முந்தைய மன்னரின் மருமகனாகிய அவர், தம் மனைவி தந்தையிடமிருந்து கவர்ந்து தந்த பொன்வாளின் துணைகொண்டு ஆட்சியைப் பெற்றார் என்று ஊரார் கூறக் கேட்டுச் சௌ தாகுவான் எழுதியுள்ளார். அரியணை மாறி ஓராண்டே ஆகியிருந்த அந்நகரில், அயலார் ஒருவர் எதனையும் கூர்ந்து நோக்கியே நடக்கவேண்டியிருந்தது. திரும்பிச் செல்லவோ தென்மேற்குப் பருவக்காற்று வீசவேண்டும். காற்றுக்காகக் காத்திருந்த அம்மாதங்களே நமக்கு ஒரு நூலைத் தந்தன.

நகரும் மன்னரும்

ஐந்து வாயில்களையுடைய கோட்டை மதில், அகன்ற அகழி, பாலத்தின் இருமருங்கிலும் நாகத்தின் உடலைப் பற்றி நிற்கும் 54 கல்லுருவங்கள், நகர் நடுவே பொற்கோபுரம், அதற்கு வடக்கே அதனினும் உயர்ந்த செம்புக் கோபுரம் என அவர் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார். பொற்கோபுரம் பாயோன் என்றும், செம்புக் கோபுரம் பாபுவோன் என்றும் பிற்கால ஆய்வாளர் அடையாளம் கண்டனர். பொன்பூச்சு மறைந்து கல்மட்டுமே எஞ்சிய அக்கோயில்கள் தம் செழுமைக்காலத்தில் எவ்வாறு ஒளிர்ந்தன என்பதற்கு அவர் எழுத்தே கண்கண்ட சான்று.

மன்னர் உலாவரும்போது குதிரைப்படையும் கொடிகளும் இசைக்குழுவும் முன்செல்லும். பட்டப்பகலிலும் எரியும் மெழுகுதிரிகளை ஏந்தி அரண்மனை மகளிர் நடப்பர். இறுதியில் மன்னர் பொன்வாளைக் கையில் ஏந்தி யானைமீது நின்றவாறு வருவார். அதே மன்னர் நாள்தோறும் அவையில் அமர்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்பதும் உண்டு. சங்கொலி எழும், பொற்சாளரத்தில் மன்னர் தோன்றுவார், கூடியிருப்போர் கைகூப்பித் தலை நிலம்படப் பணிவர்.

அடுக்களையும் சந்தையும்

இவற்றையெல்லாம் எந்தத் தூதரும் எழுதியிருப்பார். சௌ தாகுவானின் தனிச்சிறப்பு அவர் அரண்மனை வாயிலைவிட்டு இறங்கி, எளியோர் வீட்டு வாயிலில் நின்று பார்த்ததில்தான் அடங்கியிருக்கிறது. எளியோர் வீடுகளுக்குக் கூரை ஓலையும் புல்லுமே. ஓடு வேயும் உரிமை அவர்களுக்கு இல்லை. வீட்டினுள் மேசையோ நாற்காலியோ கட்டிலோ கிடையாது. தரையில் விரித்த பாயே இருக்கையும் படுக்கையும். மண்ணில் மூன்று கற்களைப் புதைத்து அடுப்புக் கூட்டுவர். சோற்றுக்கு மண்பானை, குழம்புக்கு மண்சட்டி, அகப்பைக்குத் தேங்காய்ச் சிரட்டை. இலையால் தைத்த சிறு தொன்னையில் குழம்பை ஊற்றிக்கொண்டு, கையால் சோறுண்டு, உண்டபின் தொன்னையை எறிந்துவிடுவர். குச்சிகளால் உண்டு பழகிய சீனருக்கு இவை விந்தையாகத் தோன்றின. தமிழ்நாட்டு வாசகருக்கோ இப்பகுதியைப் படிக்கையில், அயல்நாட்டில் நம் உறவினர் வீட்டுக்குள் நுழைந்தது போன்ற உணர்வே தோன்றும். கெமர் எழுத்தும் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்ததே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

வெப்பம் மிகுந்த நாடாதலால் மக்கள் ஒருநாளில் பலமுறை நீராடுவர். ஒரு வீட்டுக்கு ஒரு குளம். இல்லையேல் இரண்டு மூன்று வீடுகளுக்குச் சேர்த்து ஒரு குளம். குளத்தில் மூத்தோர் இருப்பின் இளையோர் விலகிநிற்பர். இளையோர் இருப்பின் மூத்தோர் விலகுவர் என்ற முறையையும் அவர் குறித்துள்ளார்.

வணிகம் பெண்டிர் கையில் இருந்தது. கடைக்கட்டடங்கள் இல்லை. காலையில் தொடங்கி நண்பகலில் முடியும் சந்தையில், தரையில் பாய் விரித்து அவர்கள் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவருக்கும் உரிய இடம் உண்டு. அவ்விடத்துக்கு அதிகாரிகளிடம் கட்டணம் செலுத்தவேண்டும். சிறு கொள்முதலுக்கு அரிசியும் தானியமும், அதனினும் பெரியதற்குத் துணியும், மிகப் பெரியதற்குப் பொன்னும் வெள்ளியும் விலையாயின. அங்கு வரும் சீனர் முதல்வேலையாக அந்நாட்டுப் பெண்ணொருத்தியை மணப்பதற்கு அவளுடைய வணிகத் திறமையும் ஒரு காரணம் என்கிறார் அவர். அரிசி எளிதில் கிடைக்கும், உடைச்செலவு குறைவு, தொழில் செய்வது எளிது என்பதனால் சீன மாலுமிகள் பலர் கப்பலைவிட்டு ஓடி அங்கேயே தங்கிவிட்டனர். 35 ஆண்டுகள் அங்கு வாழ்ந்துவிட்ட தம் ஊர்க்காரர் ஒருவரையும் அவர் சந்தித்தார்.

நீரும் நெல்லும்

ஆண்டில் பாதி மழை, பாதி வறட்சி. மழைக்காலத்தில் தோன்லே சாப் ஏரி பெருகிப் பெருமரங்களையும் மூழ்கடிக்கும்; கரையோரத்தார் மேட்டுநிலங்களுக்குக் குடிபெயர்வர். நீர் வற்றும் காலத்தைக் கணக்கிட்டே உழவர் விதைப்பர். நீர்மட்டம் உயர உயரத் தானும் உயர்ந்து வளரும் நெல்வகை ஒன்றைக் கண்டு அவர் வியந்தார். மேகோங் ஆறு பெருகும்போது நீர் திரும்பி ஏரிக்குள் பாய்வதே அப்பெருக்குக்குக் காரணம் என்பதை நாம் இன்று அறிவோம். அங்கோரின் செல்வம் பொன்னில் தொடங்கவில்லை. இந்த நீரிலும் நெல்லிலும் மீனிலும் தொடங்கியது.

யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, மீன்கொத்தி இறகு, தேன்மெழுகு, ஏலம் ஆகியவை அந்நாட்டிலிருந்து சென்றன. சீனத்திலிருந்து பட்டு, பீங்கான், இரும்புச் சட்டி, குடை, சீப்பு, ஊசி ஆகியவை வந்தன. வாத்தினத்துப் பெரும்பறவையை முதன்முதல் அங்குக் கொண்டுவந்தவர் சீன மாலுமிகளே என்ற சிறு செய்தியையும் அவர் விட்டுவிடவில்லை.

காணாதவையும் கேளாதவையும்

இத்துணைச் சிறப்புடைய நூலாயினும் அதனைக் கண்மூடி ஏற்றல் ஆகாது. சௌ தாகுவான் தம் நாட்டையே உலகின் நடுவாகக் கொண்டவர். கெமர் மக்களின் நிறத்தையும் தோற்றத்தையும் அவர் இழித்துரைக்கும் இடங்கள் உண்டு. கோட்டை வாயில்களின்மேல் நான்கு முகங்களே இருக்க, ஐந்து என எழுதினார். பெண்கள் பருவமெய்தும் சடங்கைப் பற்றி அவர் எழுதியது முழுவதும் செவிவழிச் செய்தி. அச்சடங்கைக் காணச் சீனர் அனுமதிக்கப்படுவதில்லை என்பதை அவரே சொல்லிவிடுகிறார். கண்டது இன்னது, கேட்டது இன்னது எனப் பிரித்துக்காட்டிய அந்நேர்மை பாராட்டத்தக்கது.

எல்லாவற்றினும் நம் நெஞ்சை உறுத்துவது அடிமைகளைப் பற்றிய பகுதியாகும். மலைகளிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் நகரில் விற்கப்பட்டனர். வலுவுள்ள இளையவருக்கு 100 துண்டுத் துணி விலை. முதியவருக்கு 30 அல்லது 40. செல்வர் வீடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். மிக ஏழையரிடம் மட்டுமே எவரும் இல்லை. அவர்கள் வீட்டின் அடித்தளத்தில் மட்டுமே படுக்கலாம். வேலைக்காக மேலே ஏறினால் மண்டியிட்டு வணங்கிய பின்னரே தொடங்கவேண்டும். தப்பியோடிப் பிடிபட்டால் முகத்தில் நீலக்குறி பொறிக்கப்படும். அல்லது கழுத்தில் இரும்பு பூட்டப்படும். துணிவிலையைச் சொல்லும் அதே குரலில் மனிதர் விலையையும் அவர் சொல்லிச் செல்கிறார். ஓர் இரக்கச்சொல்லும் இல்லை. எனினும் அவர் இதனை எழுதாது விட்டிருந்தால், பொற்கோபுரங்களின் நிழலில் வாழ்ந்த அம்மக்களின் துயரை நாம் இத்துணைத் தெளிவாக அறிந்திருக்க இயலாது. காழ்ப்புடைய கண்ணும் உள்ளதை உள்ளவாறே பதிவுசெய்தால் உண்மைக்குப் பணிபுரிந்துவிடுகிறது.

நூலின் பயணம்

1297ஆம் ஆண்டின் நடுவில் குழு புறப்பட்டு, ஆகஸ்டில் சீனக் கரையை அடைந்தது. 1312ஆம் ஆண்டுக்கு முன்பே அவர் நூல் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. சென்லா நாட்டின் நிலமும் வழக்கங்களும் பற்றிய குறிப்பு என்று அதன் பெயருக்குப் பொருள். ஏறத்தாழ 40 சிறு பகுதிகளாக இன்று கிடைப்பது சுருங்கிய வடிவமே, முழுநூல் மறைந்துவிட்டது. 1819இல் அபெல் ரெமுசா அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். 1902இல் பால் பெல்லியோ விரிவான குறிப்புகளுடன் மீண்டும் பெயர்த்தார். 2007இல் பீட்டர் ஹாரிஸ் சீன மூலத்திலிருந்து நேராக ஆங்கிலத்தில் தந்தார். கெமர் மொழியிலும் அது பெயர்க்கப்பட்டுள்ளது. தம் முன்னோரின் அடுக்களையையும் சந்தையையும் கெமர் மாணவர்கள் ஓர் அயலாரின் எழுத்து வழியாகவே படித்தறிய வேண்டியதாயிற்று.

ஏன் அவ்வாறாயிற்று? கெமர் மக்கள் எழுத்தறியாதவர் அல்லர். கருஞ்சாயமிட்ட மான்தோலில் வெண்கட்டியால் அவர்கள் எழுதியதையும், துறவியர் பனையோலைச் சுவடிகளை ஓதியதையும் சௌ தாகுவானே கண்டெழுதியுள்ளார். அத்தோல்களும் அக்கால ஓலைகளும் ஈரத்துக்கும் செல்லுக்கும் இரையாயின. கல்லில் வெட்டியவை மட்டும் நின்றன. கல்லில் வெட்டப்பட்டவையோ பெரும்பாலும் மன்னர் புகழும் கோயில் கொடைகளும்தாம். பாயோன் சுவர்ச் சிற்பங்களில் சந்தைப் பெண்டிரும் சமையற்காரரும் சேவற்போர் காண்போரும் இன்றும் உள்ளனர். ஆயினும் அவர்கள் வாய்திறந்து பேசுவதில்லை. அவர்களுக்காகப் பேசியவர், காற்று மாறும்வரை காத்திருந்த ஒரு வழிப்போக்கரே.

மார்க்கோ போலோவைப் போலவும் இப்னு பதூதாவைப் போலவும் பல நாடுகளைச் சுற்றியவர் அல்லர் சௌ தாகுவான். ஒரே நாட்டை, ஓராண்டு, பொறுமையுடன் பார்த்தார், பார்த்ததை எழுதிவைத்தார். நம் ஊர்களிலும் மூத்தோர் நினைவில் மட்டும் வாழும் சமையல் முறைகள், சந்தை வழக்குகள், படகுச் சொற்கள், மணவீட்டு முறைகள் எத்துணையோ உள்ளன. அவற்றை எழுதிவைக்க எங்கிருந்தோ ஒரு விருந்தினர் வருவார் என நாம் காத்திருத்தல் தகாது. வந்தாலும் அவர் தம் கண்ணாலேயே பார்ப்பார். நம் மாணவர்கள் விடுமுறையில் தம் பாட்டிமாரின் அருகில் ஒரு குறிப்பேட்டுடன் அமர்வார்களாயின், அதுவே இப்பணிக்கு நல்ல தொடக்கமாகும்.