கூச்சப்பட்ட பிள்ளை போர்க்களத்தில்

இந்த முறை கிளாரா பார்ட்டன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1821 டிசம்பர் 25-ல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆக்ஸ்போர்டில், விவசாயக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார்கள். வாய் திறந்து பேசவே கூச்சம். அவர்கள் சிறுமியாக இருந்தபோது, அண்ணன் டேவிட் கொட்டகையின் உச்சியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானார். சின்னப் பிள்ளைதானே என்று ஒதுங்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். நர்சிங் படிக்காத அவர்களுக்கு அந்தக் கட்டிலண்டைதான் பள்ளிக்கூடம்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. மருந்தும் கட்டுத்துணியும் வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே போனார்கள். 1862-ல் ஆன்டீட்டம் களத்தில், அவர்கள் சட்டைக்கையைத் துளைத்த குண்டு, தாங்கிப் பிடித்திருந்த சிப்பாயைக் கொன்றது. அப்பவும் திரும்பி ஓடலையே!

போர் முடிந்தும், மகன் உசிரோட இருக்கானா என்று தெரியாமல் தவித்த தாய்மார் எத்தனை பேர்! அவர்களிடத்தில் வந்து குவிந்த கடிதங்கள் 63,000-க்கு மேல். உதவியாளர்களோடு தேடி, 22,000-க்கும் அதிகமானோர் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். என் உள்ளத்தை அதிகமாய்த் தொட்டது இதுதான்.

1881-ல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1889-ல் ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் 2,209 பேர் மாண்டபோது, 67 வயதில் அங்கே போய், மாதக்கணக்காய்த் தங்கி உதவினார்கள். 1912 ஏப்ரல் 12-ல், 90 வயதில் காலமானார்கள்.

வீட்டில் படுக்கையில் கிடக்கிறவரைப் பராமரிக்கிற தாயே, தங்கச்சி, யாரும் கவனிக்கலையேன்னு சோர்ந்து போகாதீங்க. இந்த அம்மாவின் சேவையும் ஒரு கட்டிலண்டையில்தான் தொடங்கியது.