காலம் கடந்து வந்த அங்கீகாரம்

மரபணுச் சோதனைக்காகக் கருவிலிருந்து சில செல்களை எடுத்தபின், முடிவு தெரியும்வரை கருவை உறைய வைப்பது இன்று வழக்கம். உறைய வைக்கும் உத்தியை 1978-லேயே கையாண்டவர் கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். 1931-ல் ஹசாரிபாகில் பிறந்தவர்.

அவரது முயற்சியால் 1978 அக்டோபர் 3-ல் சோதனைக் குழாய் குழந்தை துர்கா பிறந்தது. பிரிட்டனில் லூயி பிரவுன் பிறந்து 70 நாள்களே ஆகியிருந்தன. உறைந்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்ததோ 1984-ல்தான்.

மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரது சாதனையை நம்ப மறுத்தது. ஜப்பான் கருத்தரங்குக்குச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றப்பட்டார். ஹார்மோன் ஆய்வாளருக்கு அங்கு என்ன வேலை? அவ்வாண்டு ஜூன் 19-ல் தற்கொலை செய்து கொண்டார்.

1986-ல் மும்பையில் பிறந்த குழந்தையின் மூலம் முதல் சாதனையாளர் எனப் பெயர் பெற்ற விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமார், முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்கே உரியது என 1997-ல் அறிவித்தார்.