டாக்டர்களுக்கே சர்ஜரி சொல்லிக்கொடுத்த, டாக்டருக்குப் படிக்காத விவியன் தாமஸ்!

1944, நவம்பர் 29. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஆபரேஷன் டேபிளில் ஐலீன் என்கிற 15 மாதப் பெண் குழந்தை. எடை நாலு கிலோ சொச்சம்தான். உதடு, விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது. ஆபரேஷன் செய்பவர் ஆல்ஃபிரட் பிளாலாக், சர்ஜரி துறையின் தலைவர். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தையல் எப்படி விழணும்னு சொல்லிக்கொண்டிருக்கிறார் 34 வயது கறுப்பின இளைஞர் ஒருவர்.

அவர் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. காலேஜ் பட்டமும் இல்லை. பெயர், விவியன் தாமஸ்.

1910-ல் லூசியானாவில் பிறந்து, நாஷ்வில்லில் வளர்ந்தவர். அப்பா தச்சர். பையனுக்கும் அந்தக் கைவேலை அப்படியே வந்தது. ஆனால் மனசு முழுக்க டாக்டர் கனவு. மரவேலை செய்து காலேஜுக்காகக் காசு சேர்த்தார். அதற்குள் 1929-ல் பங்குச்சந்தை சரிந்தது, வேலை போனது. அடுத்த வருடம் வங்கி திவாலாகி, சேர்த்த பணமும் போனது.

இதற்கிடையே 1930 பிப்ரவரியில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் லேபில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். சம்பளம் வாரத்துக்கு 12 டாலர். கொஞ்ச நாளைக்குத்தான்னு நினைத்துச் சேர்ந்த வேலை அது. ஆனா, கத்துக்கிட்ட வேகம் வேற லெவல். சில வருடங்களிலேயே ஆராய்ச்சியாளர்கள் செய்கிற வேலையை அவர் தனியாகச் செய்தார். அடிபட்டவர்கள் ‘ஷாக்’ ஆகி இறப்பது, ரத்தமும் உடல் திரவமும் இழப்பதால்தான் என்று பிளாலாக் நிரூபித்த ஆய்வுகளில் தாமஸின் கை இருந்தது. ஆனால் பல்கலைக்கழக ரெக்கார்டில் அவர் பெயர் இருந்தது, துப்புரவுப் பணியாளர்கள் பட்டியலில். சம்பளமும் அந்தக் கணக்குதான்.

1941-ல் பிளாலாக் ஹாப்கின்ஸுக்குப் போனபோது, தாமஸும் வரணும்னு பிடிவாதமாக நின்று கூட்டிப்போனார். மனைவி கிளாரா, இரண்டு பெண் குழந்தைகளுடன் தாமஸ் போய் இறங்கினால், பால்டிமோரில் கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. மருத்துவமனையிலும் பிரிவினை. வெள்ளை கோட் போட்ட ஒரு கறுப்பினத்தவர் வராண்டாவில் நடந்து போவதை எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்.

அங்கேதான் குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாசிக் ஒரு பிரச்னையோடு வந்தார். பிறவி இதயக் கோளாறால் நுரையீரலுக்குப் போதுமான ரத்தம் போகாமல், உடல் நீலமாகி இறந்துகொண்டிருந்தன பல குழந்தைகள். குழாய் வேலையில் பைப்பை மாற்றி இணைப்பதுபோல, நுரையீரலுக்கு இன்னொரு வழியில் ரத்தத்தைத் திருப்ப முடியுமா என்பது அவருடைய கேள்வி.

பதில் தேடும் வேலை தாமஸிடம் வந்தது. சுமார் 200 நாய்கள், இரண்டு வருட உழைப்பு. கைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றைத் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் குழாயில் தைக்கிற முறையை லேபில் செய்து காட்டினார். குழந்தைகளின் நூல் மாதிரி ரத்தக்குழாய்க்கு ஏற்ற ஊசிகளே அப்போது இல்லை. இருந்த ஊசிகளை அவரே வெட்டி, தீட்டி, சின்னதாக்கினார். (தச்சர் மகன் இல்லையா!) பிளாலாக் இதை நாயிடம் ஒரே ஒருமுறைதான் செய்து பார்த்திருந்தார்; அதுவும் தாமஸுக்கு உதவியாளராக. ஸ்டூல் கதை இப்போ புரியுதா?

ஐலீனுக்கு நிறம் திரும்பியது. சில மாதங்களில் மறுபடி மோசமாகி அந்தக் குழந்தை இறந்துவிட்டாள். ஆனால் வழி திறந்துவிட்டது. ஒரே வருடத்தில் 200-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. 1945-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் பிளாலாக், டாசிக் இருவர் பெயரும் இருந்தன. தாமஸ் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. சம்பளம் பத்தாமல், பிளாலாக் வீட்டு பார்ட்டிகளில் தாமஸ் பார்டெண்டர் வேலையும் பார்த்திருக்கிறார். பகலில் லேபில் தன்னிடம் தையல் கத்துக்கிட்ட இளம் டாக்டர்களுக்கு, சாயங்காலம் கிளாஸில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பிளாலாக் கெட்டவரா? அப்படி முடித்துவிட முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் தாமஸ் நின்றே ஆகணும்னு சண்டை போட்டவரும் அவர்தான். கட்டுரையில் பேர் போடாதவரும் அவர்தான்.

சம்பளத்துக்காக வேலையை விடத் தயாரான பிறகே 1946-ல் உயர்வு கிடைத்தது, ஹாப்கின்ஸ் டெக்னீஷியன்களிலேயே அதிக சம்பளம். டாக்டர் கனவையும் அவர் விடவில்லை. 1947-ல் காலேஜில் சேர முயன்றார். இத்தனை வருட அனுபவத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம், முதல் வருடத்திலிருந்து படிக்கணும் என்றார்கள். படித்து, பயிற்சி முடித்து வெளியே வர 50 வயதாகிவிடும். அதோடு விட்டுவிட்டார்.

ஆனால் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. டென்டன் கூலி உட்பட, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இதய சர்ஜன்கள் பலர் அவரிடம் பழகியவர்கள். லேபில் கறுப்பின டெக்னீஷியன்களைத் தயார் செய்தார். ஹாப்கின்ஸில் இதய சர்ஜரி பயின்ற முதல் கறுப்பின டாக்டர் லெவி வாட்கின்ஸுக்கும் துணையாக நின்றார்.

மரியாதை கடைசியில் அவர்கள் வழியாகத்தான் வந்தது. 1964-ல் பிளாலாக் இறந்தார். 1971-ல், நாடு முழுக்கப் பெரிய பதவிகளில் இருந்த அந்தப் பழைய மாணவர்கள் ஒன்றுசேர்ந்து, தாமஸின் உருவப்படத்தை வரையச் சொல்லி ஹாப்கின்ஸுக்குக் கொடுத்தார்கள். அது பிளாலாக் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டப்பட்டது. 1976-ல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில்! ஆனாலும் லேபில் இருந்தவர்கள் அவரை டாக்டர்னு கூப்பிட அது போதுமானதாக இருந்தது. கூடவே மருத்துவக் கல்லூரியில் சர்ஜரி ஆசிரியர் பதவியும் கிடைத்தது, ஹாப்கின்ஸ் வந்து 35 வருடம் கழித்து.

1979-ல் ஓய்வு பெற்று, தன் கதையைத் தானே எழுதினார். 1985 நவம்பரில் புற்றுநோயால் அவர் இறந்த சில நாள்களில் அந்தப் புத்தகம் வெளியானது. 2004-ல் வந்த ஹெச்.பி.ஓ படத்துக்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பெயர் பரவியது. அதற்கு அடுத்த வருடம் ஹாப்கின்ஸ், தன் மருத்துவ மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரை வைத்தது. ஒன்று டாசிக். இன்னொன்று, தாமஸ்.