ஒளியின் கோடுகளை எண்ணிய தொழிலாளி

இன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு துளியின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதிலுள்ள மூலக்கூறுகள் இன்னவை என்று அறிகின்றனர். இக்கலைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், பள்ளிக் கல்வி மறுக்கப்பட்ட கண்ணாடித் தொழிலாளி என்பதை நம் மாணவச் செல்வங்கள் அறிதல் வேண்டும். அவரே ஜோசப் பிரான்ஹோபர்.

இவர் 1787ஆம் ஆண்டு பவேரியா நாட்டில், கண்ணாடி வேலை செய்து பிழைத்த எளிய குடும்பத்தில் பிறந்தார். 12 வயது நிரம்புமுன் தாய் தந்தை இருவரையும் இழந்தார். மியூனிக் நகரில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் கூலியின்றித் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குச் செல்லவும் முதலாளி இசையவில்லை.

1801ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அப்பட்டறை இருந்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாடுகளுக்குள் புதையுண்ட சிறுவன் உயிருடன் மீட்கப்பட்டான். அங்கு வந்திருந்த நாட்டின் மன்னர் மனமிரங்கி 18 பொற்காசுகள் அளித்தார். உட்ஷ்னைடர் என்னும் செல்வர் நூல்களை வழங்கினார். அப்பொற்காசுகளைக் கொண்டு அச்சிறுவன் கண்ணாடி தேய்க்கும் பொறியொன்றை வாங்கினான். எஞ்சிய பயிற்சிக் காலத்துக்கு ஈடு கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொண்டான்.

1806இல் உட்ஷ்னைடரின் தொழிற்கூடத்தில் சேர்ந்த பிரான்ஹோபர், குறையற்ற வில்லைகளைச் செய்ய விழைந்தார். கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க, நிறமாலையில் நிலையான அடையாளங்கள் தேவைப்பட்டன. 1814இல் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தித் தொலைநோக்கி வழியே நோக்கியபோது, நிறங்களினூடே எண்ணற்ற கருங்கோடுகளைக் கண்டார். 500க்கும் மேற்பட்ட கோடுகளைக் கணக்கிட்டு வரைந்தார். பல்கலைக்கழகம் கண்டிராதவரை அறிவியற் கழகத்தில் சேர்ப்பதா எனச் சிலர் தடை கூறியபோதும், அவருடைய பணி அத்தடையைக் கடந்தது. காச நோயால் 1826இல், தமது 39ஆம் வயதில் அவர் மறைந்தார்.

1859இல் கிர்க்காபும் புன்சனும் அக்கோடுகள் தனிமங்களின் கையொப்பங்கள் என மெய்ப்பித்தனர். 1928இல் நம் நாட்டு சர் சி. வி. இராமன், மூலக்கூறுகளும் சிதறும் ஒளியில் தம் அடையாளத்தைப் பதிக்கின்றன என்று காட்டினார். 1960இல் பிறந்த லேசர் அம்முறைக்குப் பேராற்றல் தந்தது.

பிரான்ஹோபரைக் கல்விக்கு வெளியே நிறுத்தியது வறுமை. நம் முன்னோரை நிறுத்தியதோ வறுமையுடன் சாதியும். ஒரு சிறுவன் கையில் நூல் வந்து சேர ஒரு வீடு இடிய வேண்டியிருந்தது. அதே பட்டறைகளில் எத்தனை அறிவுச் சுடர்கள், எவர் கண்ணிலும் படாமல் அவிந்தனவோ! நற்பேற்றை எதிர்நோக்கி எந்தப் பிள்ளையும் காத்திருத்தலாகாது என்பதற்காகவே 25 ஆண்டுகளாக நாம் இச்சங்கத்தை நடத்தி வருகின்றோம். விடுதியில் விளக்கேற்றிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவ்வொளி என்றும் குன்றாதிருக்கக் காப்பது நம் கடனாகும்.