ஏ. எம். ராஜா

ஏ. எம். ராஜா (ஜூலை 1, 1929 – ஏப்ரல் 8, 1989) தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் பாடிய திரைப்படப் பின்னணிப் பாடகரும் இசையமைப்பாளரும் ஆவார்.

வாழ்க்கைச் சுருக்கம்

சித்தூர் மாவட்டம் இராமாபுரத்தில் பிறந்த இவர் குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பின்னர் குடும்பம் வட ஆற்காடு மாவட்டத்தின் இரேணுகாபுரத்தில் குடியேறியது (வாணியம்பாடியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே). சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்ற 1951 ஆம் ஆண்டிலேயே ஜெமினி நிறுவனத்தின் சம்சாரம் படத்தில் பாடினார். பின்னணிப் பாடகி ஜிக்கி இவரது மனைவி.

இசைப்பணி

மிஸ்ஸியம்மா (1955) முதலிய படங்களில் ஜெமினி கணேசனுக்கு இவரது மென்குரல் மிகவும் பொருந்தியது. ஸ்ரீதர் இயக்கிய கல்யாண பரிசு (1959), தேன் நிலவு (1961) ஆகியன இவரை இசையமைப்பாளராகவும் நிலைநிறுத்தின. அடுத்து இசையமைத்த ஆடிப்பெருக்கு (1962) அவற்றின் அளவுக்குப் பேசப்படவில்லை. ஆயினும் அதில் தனிமையைப் பற்றி பி. சுசீலாவுடன் பாடிய பாடல், படத்தின் கதையை மறந்தவர்களுக்கும் நினைவில் நின்றது.

1960களில் வாய்ப்புகள் குறைந்தன. பின்னர் வி. குமார் இசையில் ரங்கராட்டினம் (1971) படத்திலும், சங்கர் கணேஷ் இசையில் ஜிக்கியுடன் புகுந்த வீடு (1972) படத்திலும் பாடினார். பழைய வெற்றிகளுக்கு இணையாக இவை ஒலிக்கவில்லை. எனினும் குரலின் குழைவு சற்றும் குறையவில்லை என்பதற்கு இவையே சான்று. கல்யாண பரிசை மட்டும் கேட்டவர்கள் இவற்றைத் தவறவிடுகின்றனர்.

மறைவு

1989 இல் கன்னியாகுமரி மாவட்டக் கோயில் ஒன்றில் நடைபெறவிருந்த கச்சேரிக்குச் செல்லும் வழியில், வள்ளியூர் தொடர்வண்டி நிலையத்தில் வண்டியில் ஏற முயன்றபோது தவறி விழுந்து இறந்தார்.